தாத்தாவைத் தூக்கினாங்க... ஒரே வாரத்துல திரும்பக் கூட்டிட்டு வந்தாங்க! - ஒரு ஹோட்டல் லோகோ அமெரிக்காவை அலறவிட்ட கதை

ஒரு மர நாற்காலி. அதில் உட்கார்ந்திருக்கும் ஒரு தாத்தா. பக்கத்தில் ஒரு பீப்பாய். அதன் மேல் கையை ஊன்றிக்கொண்டு, எந்த அவசரமும் இல்லாமல் இருக்கிறார். அமெரிக்க நெடுஞ்சாலைகளில் கிட்டத்தட்ட அரை நூற்றாண்டாக ‘கிராக்கர் பேரல்’ என்கிற ஹோட்டல் செயினின் அடையாளம் இந்தப் படம்தான். 2025 ஆகஸ்ட் 19-ம் தேதி அந்த நிறுவனம் புது லோகோவை வெளியிட்டது. அதில் தாத்தாவைக் காணோம். நாற்காலியும் இல்லை, பீப்பாயும் இல்லை. மஞ்சள் பின்னணியில் ஹோட்டலின் பெயர் மட்டும்!

நடந்தது அவ்வளவுதான். ஆனா, அதுக்கப்புறம் நடந்ததைக் கேளுங்க... பங்கு விலை சரிஞ்சது. அமெரிக்க அதிபரே இதைப் பத்திப் பதிவு போட்டார். ஒரே வாரத்தில் தாத்தா பழைய இடத்துக்கே திரும்பிட்டார்.

‘ஒரு லோகோவுக்கா இவ்ளோ அக்கப்போர்?’னு நீங்க சிரிக்கலாம். ஆனா இந்தக் கதையில் சண்டை வெறும் லோகோவுக்கானது இல்லை. ‘பழைய ஞாபகம்’ங்கிற சரக்கை விற்கும் ஒரு கடை, தன்னைப் புதுசாக்கிக்க முடியுமா? அந்த ஞாபகம் யாருக்குச் சொந்தம்? கடைசியில் இதற்கான பில்லை யார் கட்டுறாங்க? இதெல்லாம்தான் விஷயம். வாங்க, ஆரம்பத்துல இருந்து பார்ப்போம்.

பட்டாசு இல்லை பாஸ், பிஸ்கட்!

முதல்ல பெயர். ‘கிராக்கர்’னு கேட்டதும் நமக்குத் தீபாவளி ஞாபகம் வரும். இது அந்த கிராக்கர் இல்லை. மொறுமொறுன்னு இருக்கும் உப்பு பிஸ்கட். அந்தக் காலத்து அமெரிக்க கிராமத்து மளிகைக் கடைகளில் இந்த பிஸ்கட் பெரிய மரப் பீப்பாய்களில் வந்து இறங்கும். அந்தப் பீப்பாயைச் சுற்றி உட்கார்ந்து ஊர்ப் பெருசுகள் கதை பேசுவார்கள். காலியான பீப்பாய் மேல் பலகையை வைத்து ஆட்டம் போடுவார்கள். நம்ம ஊர் டீக்கடை பெஞ்சுக்கு என்ன மரியாதையோ, அந்தப் பீப்பாய்க்கும் அதே மரியாதை.

அந்தப் படத்தை மனசுல வெச்சு ஆரம்பித்த ஹோட்டல்தான் இது. 1969 செப்டம்பரில், டென்னசி மாகாணத்தின் லெபனான் என்ற சின்ன ஊரில் முதல் கிளை. ஆரம்பித்தவர் டான் எவின்ஸ். அவர் சமையல்காரரும் இல்லை, மளிகைக் கடைக்காரரும் இல்லை. ஷெல் பெட்ரோல் வியாபாரத்தில் இருந்தவர்! அப்போதுதான் அமெரிக்கா முழுக்க பெரிய பெரிய நெடுஞ்சாலைகள் வந்துகொண்டிருந்தன. அதில் போகும் கார்களைத் தன் பங்குகளுக்குள் இழுக்க என்ன வழின்னு யோசிச்சார். ‘பழைய கிராமத்துக் கடை மாதிரி ஒண்ணு கட்டி, வீட்டுச் சாப்பாடு போட்டா வண்டியை நிறுத்துவாங்க. நிறுத்தினா பெட்ரோலும் போடுவாங்க!’ - இதுதான் ஐடியா.

ஐடியா எதிர்பார்த்ததைவிட நல்லாவே வேலை செய்தது. 1970-களில் எண்ணெய்த் தட்டுப்பாடு வந்தபோது, பெட்ரோல் பங்க் இல்லாமலேயே கிளைகளைக் கட்ட ஆரம்பித்தார்கள். பெட்ரோலை விற்பதற்காக வந்த சாப்பாடு நின்றது. பெட்ரோல் போயே போச்சு. 1981-ல் பங்குச் சந்தைக்கு வந்த நிறுவனத்துக்கு, இன்னைக்கு 40-க்கும் மேற்பட்ட மாகாணங்களில் சுமார் 660 கிளைகள்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிச்சீங்களா? கடை திறந்த அன்னைக்கே அது ‘பழைய’ கடைதான்! நிலவில் மனிதன் கால் வைத்த அதே வருஷம், ராக்கெட் காலத்தில் தவித்துக்கொண்டிருந்தவர்களுக்கு அவர்களின் தாத்தா காலத்தை விற்ற கடை. அதாவது, பழமை என்பது இந்தக் கடைக்கு வயசானதால் வந்தது இல்லை. அதுதான் முதல் நாளிலிருந்தே மெனுவின் முதல் ஐட்டம்.

90,000 பழைய பொருள்கள்... ஒரு கிடங்கு!

உள்ளே போனால் என்ன இருக்கும்? வாசல் திண்ணையில் வரிசையாக ஆடும் மர நாற்காலிகள். உட்கார்ந்து பிடித்துப்போனால் விலை கொடுத்து வாங்கிக்கொண்டும் போகலாம். உள்ளே நுழைந்ததும் மிட்டாய், பொம்மை, துணி, பாத்திரம் எனப் பழைய பாணிக் கடை ஒன்று. நிறுவனத்தின் வருமானத்தில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு இந்தக் கடையிலிருந்துதான் வருகிறது. அதைத் தாண்டினால் சாப்பாட்டுக் கூடம். கணப்பு அடுப்பு, மர மேஜை, மேஜை மேல் ஒரு முக்கோணப் பலகை.

அந்தப் பலகையில் 15 ஓட்டைகள், 14 குச்சிகள். ஒன்றை ஒன்று தாண்டித் தாண்டிக் குச்சிகளை எடுக்க வேண்டும். கடைசியில் ஒண்ணே ஒண்ணு மிச்சம் வெச்சா நீங்க ஜீனியஸ். நாலு அல்லது அதுக்கு மேல மிச்சம் இருந்தா, ‘மக்கு’ன்னு பலகையே செல்லமா கிண்டல் பண்ணும். சாப்பாடு வரும் வரை போனை எடுக்காமல் பிள்ளைகளை உட்கார வைத்த விளையாட்டு இது. அமெரிக்காவில் லட்சக்கணக்கானவர்களுக்குத் தாத்தா பாட்டியோடு போன பயணம் என்றாலே இந்தப் பலகைதான் ஞாபகம் வரும்.

சுவர் முழுக்கப் பழைய பொருள்கள். மண்வெட்டி, ரம்பம், தகர விளம்பரப் பலகை, யாரென்றே தெரியாத குடும்பங்களின் கறுப்பு வெள்ளைப் புகைப்படங்கள்... இவை எதுவும் நகல் இல்லை, எல்லாமே அசல்! முதல் கடையை அலங்கரிக்க எவின்ஸ் உதவி கேட்டது, உள்ளூரில் பழம்பொருள் கடை வைத்திருந்த சிங்கிள்டன் தம்பதியிடம். பிறகு அவர்களுடைய மகன் லாரி சிங்கிள்டன் அந்தப் பொறுப்பைப் பல ஆண்டுகள் சுமந்தார். லெபனானில் இருக்கும் நிறுவனத்தின் கிடங்கில் சுமார் 90,000 பழம்பொருள்கள் இருக்கின்றன. புதுக் கிளை திறக்கும் முன், எந்தச் சுவரில் எந்தப் பொருள் என்பதை அங்கேயே மாதிரிக் கடை அமைத்து, மாட்டிப் பார்த்து, பிறகுதான் லாரியில் ஏற்றுவார்கள்.

எல்லாக் கிளைக்கும் பொதுவான சில விதிகளும் உண்டு. முன் வாசலுக்கு மேல் ஒரு மாட்டு நுகத்தடியும் குதிரை லாடமும், கணப்பு அடுப்புக்கு மேல் ஒரு மான் தலை, கழிப்பறைப் பக்கம் ஒரு பழைய டிராஃபிக் லைட். பார்க்க ‘எங்கேயோ கிடந்ததை மாட்டி வெச்சிருக்காங்க’ன்னு தோணும். ஆனா, ஒவ்வொரு ஆணியும் திட்டமிட்டு அடிக்கப்பட்டது.

நம்ம ஊர் பைபாஸ் டிகிரி காபி கடைகளில் பளபளக்கும் பித்தளை டபராவைப் பார்த்தவர்களுக்கு இந்த டெக்னிக் புதுசா இருக்காது. அதற்காக இதைப் ‘போலி’ன்னு ஒதுக்கிடவும் முடியாது. ஆணி அடித்தது நிறுவனம்தான். ஆனா, அந்தச் சுவருக்குக் கீழே உட்கார்ந்து பாட்டியோடு சாப்பிட்டது நிஜம். அலங்காரம் செட்டப்பா இருந்தாலும், அதன் மேல் ஒட்டிக்கொண்ட ஞாபகம் அசல். சிக்கல் ஆரம்பிப்பதே இந்த இடத்தில்தான்.

நல்லாத்தானே போயிட்டு இருந்துச்சு... ஏன் மாத்தினாங்க?

நல்லா போகலை, அதான் மாத்தினாங்க.

கொரோனா காலத்தில் வீட்டுக்குள் அடைந்த வயதான வாடிக்கையாளர்கள் பலர், அதற்குப் பிறகும் பழையபடி திரும்பி வரவில்லை. 2024-ல் நிறுவனமே சொன்ன கணக்குப்படி, 2019-ஐவிடக் கூட்டம் சுமார் 16 சதவிகிதம் குறைவு. இளைஞர்களோ இதை ‘தாத்தா பாட்டி ஹோட்டல்’னு தாண்டிப் போனார்கள். விலைவாசியும் சம்பளச் செலவும் ஏறிக்கொண்டிருந்தன. பல கிளைகளில் கட்டடங்களுக்கும் வயசாகிவிட்டது.

2023 நவம்பரில் புதுத் தலைமைச் செயல் அதிகாரியாக ஜூலி ஃபெல்ஸ் மசீனோ வந்தார். டாகோ பெல்லில் உயர் பதவியில் இருந்தவர். 2024 மே மாதம், முன்புபோல மக்களுக்கு நாம் நெருக்கமாக இல்லை என்ற பொருளில் வெளிப்படையாகவே பேசினார். மூன்றாண்டுத் திட்டம் ஒன்றையும் அறிவித்தார். செலவு 70 கோடி டாலர் வரை. நம்ம பணத்துக்குச் சுமார் 6,000 கோடி ரூபாய்! மெனு, விலை, சமையலறை வேலைமுறை, ஆப், கடை அலங்காரம் எல்லாமே அந்தத் திட்டத்தில் இருந்தன. அதைக் கேட்டதும் பங்குச் சந்தை கைதட்டவில்லை. அப்போதே விலை விழுந்தது.

நிறுவனத்தின் பெரிய பங்குதாரர்களில் ஒருவரான சர்தார் பிக்லாரி, 2011-லிருந்தே நிர்வாகத்தோடு மோதி வருபவர். அவரும் இந்தச் செலவுத் திட்டத்தைக் கடுமையாக எதிர்த்தார். அவர் யார் தெரியுமா? ‘ஸ்டேக் அண்ட் ஷேக்’ என்ற இன்னொரு ஹோட்டல் செயினின் முதலாளி. ஆக, வெளியே புகை தெரிவதற்கு முன்பே உள்ளே அடுப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது.

சோதனைக்காகச் சில கிளைகளைப் புதுப்பித்தார்கள். இருட்டு மரச் சுவர்களுக்கு வெளிர் நிறப் பெயின்ட், கூடுதல் வெளிச்சம், சாய்ந்து உட்கார வசதியான இருக்கைகள். சுவரில் பழம்பொருள்கள் பாதிக்கு மேல் காணோம் என்று வீடியோக்கள் பறந்தன. ‘ஆஸ்பத்திரி வரவேற்பறை மாதிரி இருக்கு’ ரேஞ்சுக்குக் கிண்டல்கள். இத்தனைக்கும் 660 கிளைகளில் அப்படிப் புதுப்பிக்கப்பட்டவை வெறும் நான்கு! நாலு கடையின் வீடியோ, நாடு முழுக்க எல்லாக் கடையும் மாறிவிட்டது போன்ற பதற்றத்தைக் கிளப்பியது. ரீல்ஸ் காலத்தில் எண்ணிக்கைக்கு இருக்கும் மரியாதை அவ்ளோதான்!

அந்த ஒரு வாரம்!

ஆகஸ்ட் 19: புது லோகோ வெளியானது. தாத்தாவோடு சேர்ந்து, ‘ஓல்டு கன்ட்ரி ஸ்டோர்’ என்ற வார்த்தைகளும் லோகோவிலிருந்து போயின.

ஆகஸ்ட் 21: பங்கு விலை பகலில் 10 சதவிகிதத்துக்கும் மேல் சரிந்து, மாலையில் சுமார் 7 சதவிகித இறக்கத்தோடு முடிந்தது. ஒரே நாளில் சுமார் 9.4 கோடி டாலர் மதிப்பு காலி.

ஆகஸ்ட் 25: ‘நாங்கள் யார், எப்போதும் யாராக இருப்போம் என்பதை இன்னும் நன்றாகச் சொல்லியிருக்கலாம்’ என்கிற தொனியில் நிறுவனம் ஓர் அறிக்கை விட்டது. ஆடும் நாற்காலி, கணப்பு அடுப்பு, குச்சி விளையாட்டு எதுவும் போகாது என்று சமாதானம் சொன்னது. ஆனால், புது லோகோவை விடவில்லை.

ஆகஸ்ட் 26: பழைய லோகோவுக்கே திரும்ப வேண்டும் என்று அதிபர் டிரம்ப் தன் சமூக வலைதளத்தில் பதிவிட்டார். அன்று மாலையே நிறுவனம் பணிந்தது. புது லோகோ போகிறது, ‘ஓல்டு டைமர்’ இருப்பார் என்று அறிவித்தது. மறுநாள் பங்கு விலை ஏறியது.

செப்டம்பர் 9: கிளைகளைப் புதுப்பிக்கும் வேலையையும் நிறுத்துவதாக அறிவிப்பு வந்தது.

இதில் சுவாரஸ்யம் என்னன்னா, 1969-ல் இந்த ஹோட்டலின் முதல் லோகோவில் தாத்தா கிடையாது. வெறும் எழுத்துதான்! தாத்தாவும் பீப்பாயும் சேர்ந்தது 1977-ல். பில் ஹாலி என்ற நாஷ்வில் வடிவமைப்பாளர் வரைந்தது. நிறுவனர் எவின்ஸுக்கு ஹெர்ஷல் என்று நிஜமாகவே ஒரு மாமா இருந்தார். கடையின் செல்ல அடையாளமான ‘அங்கிள் ஹெர்ஷல்’ அவர்தான். லோகோவில் இருப்பதும் அவரேதான் என்று ரசிகர்கள் பலர் நம்புகிறார்கள். ஆக, ‘ஆதி காலத்திலிருந்து இருந்த அடையாளத்தை அழிச்சுட்டாங்க’ என்று கொதித்தவர்கள் காப்பாற்றியது, கடைக்கு எட்டு வயதானபோது வந்த ஒரு படத்தை.

லோகோவா, அரசியலா?

இரண்டும்தான். புது லோகோ வந்த சில நாள்களிலேயே வலதுசாரி பிரபலங்கள் இதைக் கையில் எடுத்தார்கள். முற்போக்கு அரசியலுக்காக அமெரிக்காவின் பாரம்பரியத்தை அழிக்கிறார்கள் என்ற பாட்டு ஆரம்பமானது. லோகோவில் எழுத்து மட்டும் இருந்ததில் என்ன அரசியல் என்று யாரும் விளக்கவில்லை. விளக்க வேண்டிய தேவையும் வரவில்லை.

இந்தக் கூச்சலின் பெரும் பங்கை மனிதர்கள் அல்ல, போட் கணக்குகள் எழுப்பியிருக்கலாம் என்று சமூக வலைதளப் பதிவுகளை அலசும் நிறுவனங்கள் பிறகு சொல்லின. இதை வெச்சு ‘எல்லாமே போலிக் கோபம்’னு முடிவு கட்டிடாதீங்க. போட்கள் சத்தத்தைப் பெருக்கலாம். ஆனா, ஹோட்டலுக்குப் போகாமல் விட்டது நிஜ மனிதர்கள். அந்தக் கணக்கைக் கொஞ்ச நேரத்தில் பார்ப்போம்.

நிறுவனம் பணிந்த அன்று, தான் அவர்களோடு போனில் பேசியதாக வெள்ளை மாளிகை அதிகாரி ஒருவர் வெளிப்படையாகவே பதிவிட்டார். ஒரு ஹோட்டலின் பெயர்ப் பலகை, நாட்டின் உச்ச அதிகாரம் வரை போகும் விஷயமாகிவிட்டது. அடுத்தடுத்த நாள்களில், பால் புதுமையினருக்கு ஆதரவான பிரைடு பக்கம் நிறுவனத்தின் வலைதளத்திலிருந்து காணாமல் போனதும் செய்தியானது. லோகோவில் ஆரம்பித்த பின்வாங்கல், லோகோவோடு நிற்கவில்லை.

யாரோட ஞாபகம் இது?

இந்தக் கதையில் அதிகம் பேசப்படாத பக்கம் ஒன்று இருக்கிறது. ‘அந்தக் காலம் எவ்வளவு நல்லா இருந்துச்சு’ என்று சொல்லும்போது, அது யாருக்கு நல்லா இருந்தது?

லெபனானிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது நாஷ்வில் நகரம். 1960-ல் அங்கே கறுப்பின மாணவர்கள் கடைகளின் சாப்பாட்டு மேஜைகளில் போய் உட்கார்ந்து போராடினார்கள். கோரிக்கை? வெள்ளையர்கள் சாப்பிடும் இடத்தில் தாங்களும் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அடி வாங்கினார்கள், கைதானார்கள், ஜெயித்தார்கள். அதற்கு ஒன்பது வருடம் கழித்துத்தான், ‘பழைய நல்ல காலத்தின்’ சாப்பாட்டுக் கடையாக கிராக்கர் பேரல் பிறந்தது.

1991-ல், தன்பாலின ஈர்ப்பாளர்களை வேலைக்கு வைத்துக்கொள்வதில்லை என்ற கொள்கையை இந்த நிறுவனம் அறிவித்து, ஊழியர்களை வேலையை விட்டு அனுப்பியது. நாடு முழுக்கப் போராட்டம் வெடித்தது. பாலியல் சார்பு அடிப்படையில் பாகுபாடு கூடாது என்பது நிறுவனத்தின் விதிகளில் சேர்ந்தது 2002-ல்தான். கறுப்பின வாடிக்கையாளர்களைத் தனிப் பகுதியில் உட்கார வைத்தார்கள், வெள்ளையர்களுக்குப் பிறகே கவனித்தார்கள் என்று அமெரிக்க நீதித்துறை குற்றம் சாட்டி, 2004-ல் அந்த வழக்கு சமரசத்தில் முடிந்தது. நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்தது. ஆனாலும், ஊழியர்களுக்குப் பயிற்சி தரவும் நடைமுறைகளை மாற்றவும் ஒப்புக்கொண்டது.

அதற்காக, அந்தக் கடையில் சந்தோஷமாகச் சாப்பிட்ட ஒவ்வொரு குடும்பமும் தப்பு செய்தது என்று அர்த்தம் இல்லை. ஆனா, ஒரே ஆடும் நாற்காலி ஒருத்தருக்குப் பாட்டி வீட்டையும், இன்னொருத்தருக்கு உள்ளே விடாத வாசலையும் ஞாபகப்படுத்தலாம். பழைய லோகோ திரும்பியதும் எல்லோரும் ஒரே மாதிரி நிம்மதி அடைந்திருக்க மாட்டார்கள். ‘மக்கள் ஜெயிச்சுட்டாங்க’ என்று தலைப்பு போடும் முன், எந்த மக்கள் என்று கேட்பது நியாயம்தானே?

லோகோக்கள் ஏன் மெலிஞ்சுக்கிட்டே போகுது?

உங்க போனைக் கொஞ்சம் பாருங்க. ஹோம் ஸ்கிரீனில் இருக்கும் ஐகான்களில் எத்தனை வெறும் ஓர் எழுத்து, ஒரு வட்டம், ஒரு நிறம்? விரல் நகம் அளவுள்ள கட்டத்துக்குள் நாற்காலி, தாத்தா, பீப்பாய், பீப்பாயின் வளையம் எல்லாம் அடங்காது. மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார்க்காரர் கண்ணிலும் நுணுக்கமான கோடுகள் பதியாது. அதனால் உலகம் முழுக்க லோகோக்கள் படத்தை உதறிவிட்டு எழுத்தாக மெலிகின்றன. காரணம் நியாயமானதுதான். ஆனா, எல்லோரும் ஒரே காரணத்துக்காக மெலிஞ்சா, எல்லோரும் ஒரே மாதிரி ஆகிடுவாங்க. ‘நான் வேற மாதிரி’ங்கிறதே வியாபாரமா இருக்கும் கடைக்கு அது நஷ்டம்.

இதில் அடிபட்டவர்கள் பட்டியல் பெரிசு. 1985-ல் கோகோ கோலா தன் சுவையையே மாற்றி, 79 நாள்களில் பழைய சுவையைத் திரும்பக் கொண்டுவந்தது. 2009-ல் டிராபிகானா ஆரஞ்சு ஜூஸ் டப்பாவிலிருந்து ஸ்ட்ரா குத்திய ஆரஞ்சுப் படத்தை எடுத்தது. விற்பனை சுமார் 20 சதவிகிதம் விழ, பழைய டப்பாவுக்கே ஓடியது. 2010-ல் கேப் துணிக்கடையின் புது லோகோ ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை.

ஜெயித்தவர்களும் உண்டு. பீட்சா ஹட் 2019-ல் பழைய சிவப்புக் கூரை லோகோவைத் தூசு தட்டி எடுத்தது. பர்கர் கிங் 2021-ல் புதுப்பித்தபோது, தன் பழைய ‘பன்னுக்கு நடுவே பெயர்’ லோகோவுக்குத் திரும்பியது. சின்ன ஐகானிலும் அழகா உட்கார்ந்தது, பழைய வாடிக்கையாளர்களுக்கும் பிடிச்சது. புதுசாக்குறதுன்னா பழசைத் துடைக்கிறதுன்னு மட்டும் அர்த்தம் இல்லை. பழசிலிருந்தே எதை எடுத்து எளிமையாக்கலாம்னு தேடுறதும் புதுசாக்குறதுதான்.

பில் யாருக்கு?

தாத்தா திரும்பி வந்ததும் கதை சுபம்னு நினைக்கிறீங்களா? அதுதான் இல்லை.

புது லோகோ வெளியானதிலிருந்து கிளைகளுக்கு வரும் கூட்டம் சுமார் 8 சதவிகிதம் குறைந்துவிட்டதாக செப்டம்பரில் நிறுவனம் தெரிவித்தது. அதில் பெரும்பகுதி நாள்கள் தாத்தா திரும்பி வந்த பிறகானவை! டிசம்பரில் வந்த காலாண்டுக் கணக்கில் வருமானம் 5.7 சதவிகிதம் சரிவு, சுமார் 2.5 கோடி டாலர் நஷ்டம். நவம்பரில் நடந்த பங்குதாரர் கூட்டத்தில் பிக்லாரி தரப்பு எதிர்த்தும் மசீனோ பதவியைத் தக்கவைத்துக்கொண்டார். இயக்குநர் ஒருவர் மட்டும் விலகினார்.

மேலே இருப்பவர்கள் கதை இது. கீழே? இந்த நிறுவனத்தில் 70,000-க்கும் மேற்பட்டோர் வேலை பார்க்கிறார்கள். சாப்பாடு பரிமாறுபவர்களின் வருமானம் பெரும்பாலும் டிப்ஸ்தான். டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி கையிலிருந்து தர வேண்டிய குறைந்தபட்சத் தொகை, அமெரிக்க மத்திய அரசு விதிப்படி மணிக்கு 2.13 டாலர். 1991-லிருந்து இந்தத் தொகை மாறவே இல்லை! டிப்ஸையும் சேர்த்து மணிக்கு 7.25 டாலர் வரவில்லை என்றால் மீதியை முதலாளி தர வேண்டும். சில மாகாணங்களில் இதைவிட அதிகம் உண்டு. ஆனால், இந்த ஹோட்டல் பிறந்த டென்னசி உட்பட பல தென் மாகாணங்களில் இதுதான் நிலை.

இப்போ கணக்கு போடுங்க. கூட்டம் 8 சதவிகிதம் குறைந்தால், பன்னிரண்டு மேஜைக்கு ஒரு மேஜை காலி. அந்த மேஜையின் டிப்ஸும் காலி. லோகோவை மாற்றச் சொன்னது அந்த வெயிட்டர் இல்லை. திரும்பக் கொண்டுவரச் சொன்னதும் அவர் இல்லை. ஆனா, மாசக் கடைசியில் துண்டு விழுவது அவர் பர்ஸில்தான். கோபத்தோடு வந்த வாடிக்கையாளர்களிடம், தலைமை அலுவலகத்துக்குப் பதிலாகப் பதில் சொல்லிக்கொண்டு நின்றவரும் அவர்தான்.

அப்போ என்னதான் செஞ்சிருக்கணும்?

முதல்ல சமையலறை, அப்புறம்தான் சுவர். வயசான வாடிக்கையாளர் வராம போனதுக்கோ, இளைஞர்கள் உள்ளே வராததுக்கோ தாத்தா படம் காரணம் இல்லை. பிஸ்கட் சூடா வருதா, விலை கட்டுப்படியாகுதா, காத்திருக்கும் நேரம் எவ்வளவு - இதில் நிஜமான மாற்றத்தைக் காட்டிய பிறகு போர்டைத் தொட்டிருந்தா இவ்ளோ கோபம் வந்திருக்காது. மாற்றத்தின் முகமா லோகோவை முன்னாடி நிறுத்தினதுல, உள்ளே நடந்த நல்ல மாற்றங்கள்கூட யார் கண்ணிலும் படலை.

அடுத்து, எதைத் தொடக் கூடாதுன்னு கண்டுபிடிக்கிறது. இருட்டான விளக்கு, இடுப்பை உடைக்கும் நாற்காலி - இதையெல்லாம் யாரும் ‘பாரம்பரியம்’னு கொண்டாடலை. ஆடும் நாற்காலியும், குச்சிப் பலகையும், சுவரில் தொங்கும் அசல் பொருள்களும்தான் கொண்டாடப்பட்டவை. நெடுஞ்சாலை போர்டில் தாத்தாவை அப்படியே விட்டுட்டு, ஆப்புக்கு மட்டும் பீப்பாயை ஐகானா வெச்சிருக்கலாம். கடைக்குள் இல்லாத கதைகளையும் சேர்த்திருக்கலாம். 90,000 பொருள்கள் கொண்ட கிடங்கில், தென் மாகாணக் கறுப்பினக் குடும்பங்களின் சமையலையும் உழைப்பையும் சொல்லும் பொருள்களுக்கு ஒரு சுவர் கிடைக்காதா என்ன? பழைய ஞாபகத்தைச் சுருக்காமல் விரிவாக்கும் வழி அது.

எல்லாத்தையும்விட முக்கியமான பாடம், பணிஞ்சுபோன விதத்தில் இருக்கு. ஒரே வாரத்தில் லோகோ, மூன்று வாரத்தில் புதுப்பிக்கும் வேலை என அடுத்தடுத்துக் கைவிட்டதில், ‘சத்தம் போட்டா இவங்க இறங்கி வருவாங்க’ன்னு எல்லோருக்கும் தெரிஞ்சுபோச்சு. இனி அந்தக் கடை நிஜமாவே மாற வேண்டிய விஷயத்தில்கூட மாறப் பயப்படும். கூட்டம் குறைஞ்ச பிரச்னை அப்படியே இருக்கு. சரிசெய்யக் கையில் இருந்த கருவிகள்தான் குறைஞ்சிருக்கு.

வாடிக்கையாளர்கள் பக்கமும் ஒரு கேள்வி இருக்கு. அந்த லோகோவுக்காகக் கொதித்தவர்களில் எத்தனை பேர் அதற்கு முந்தைய ஒரு வருஷத்தில் அங்கே போய் உட்கார்ந்து சாப்பிட்டிருப்பாங்க? நம்ம எல்லோருக்கும் இப்படி ஒரு கடை இருக்கும். மாறவே கூடாதுன்னு ஆசைப்படுவோம். ஆனா போய் ரெண்டு வருஷம் ஆகியிருக்கும். உங்களுக்கு அப்படி ஒரு கடை இருந்தா, அதன் போர்டு மாறும் வரை காத்திருக்காதீங்க. இந்த வாரமே போய் சாப்பிட்டுட்டு, பரிமாறினவருக்கு டிப்ஸும் வெச்சுட்டு வாங்க.